கடைசி இரண்டு மில்லிமீட்டர்

வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பவர்களை டாக்டர் யமுனா தினமும் பார்க்கிறாள். தெப்பக்குளம் பக்கம் பல் கிளினிக் வைத்திருப்பவளுக்கு அது பழகிப்போன தொல்லை. ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை வந்து சேர்ந்தது வாயை மூட மாட்டேன் என்ற கேஸ். அதுவும் ஆள் இல்லை, அவளுடைய சொந்தப் பிஸ்டல்.

பிஸ்டலின் மேல்பாகத்தை ஸ்லைடு என்பார்கள். பின்னுக்கு இழுத்து விட்டால் தானாக முன்னே ஓடி வந்து சடக்கென்று மூடிக்கொள்ள வேண்டும். அன்றைக்கு ஒழுங்காகத்தான் ஓடி வந்தது, கடைசி இரண்டு மில்லிமீட்டர் இருக்கும்போது நின்றுவிட்டது. மூடாத துப்பாக்கி சுடாது. மாநில அணிக்கான தகுதிப் போட்டி தொடங்கி, அவள் இன்னும் ஒரு குண்டுகூடச் சுடவில்லை.

போட்டி அதிகாரி இம்தியாஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.

"பதினைஞ்சு நிமிஷம் மேடம். அதுக்குள்ள சரி பண்ணுங்க, இல்ல யார்கிட்டயாவது வேற வாங்கிச் சுடுங்க. அதுக்கு மேல என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

யாரிடம் வாங்குவது? யமுனா இடதுகைக்காரி. அவள் உள்ளங்கைக்குச் செதுக்கிய பிடி போட்டி நடந்த அந்தத் துப்பாக்கிக் கிளப்பிலேயே ஒன்றுதான் உண்டு.

போட்டி போனால் போகட்டும் என்று விடவும் முடியாது. போன இரண்டு வருஷமும் மயிரிழையில் அணியைத் தவறவிட்டிருந்தாள். மாமனார் திருநாராயணன், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். "மூணு தடவை. அதுக்கு மேல ஒரு பரீட்சையை யாரும் எழுதப்படாது. இந்த வருஷமும் வரலைன்னா அதை வித்துடணும்." கோபத்தில் அவளும் 'சரி' என்று சொல்லித் தொலைத்தாள். அவள் புருஷன் வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டினான்.

கிளப்பின் ஆயுத அறையில் சகாயநாதன் இருந்தார். பட்டாளத்தில் முப்பது வருஷம் துப்பாக்கி பழுது பார்த்தவர். மனுஷர்களை அவ்வளவாக நம்ப மாட்டார், திருகாணிகளை நம்புவார்.

"முதல்ல காலி. அப்புறம்தான் பேச்சு" என்று மகசினைக் கழற்றி, குழலைச் சுவர்ப் பக்கம் திருப்பி, உள்ளே குண்டு இல்லை என்று இரண்டு முறை பார்த்துக்கொண்டார். காலியாக இழுத்து விட்டார். அதே இடத்தில் நின்றது.

"அப்ப குண்டு மேல குத்தமில்ல." ஸ்பிரிங்கை மாற்றினார். அதே இடத்தில் நின்றது. "ஸ்பிரிங் மேலயும் குத்தமில்ல. என்ன எண்ணெய் போட்டீங்க?"

"நீங்க கொடுத்ததுதான் அண்ணா."

"சத்தியமா? போன மாசம் ஒருத்தரு நல்லெண்ணெய் போட்டு எடுத்துட்டு வந்தாரு. கையில எடுத்ததும் எனக்குத் தோசை ஞாபகம் வந்துருச்சு."

ஸ்லைடைத் தனியாகக் கழற்றி டார்ச் அடித்தார். அது ஓடும் பள்ளத்தில் வெள்ளையாகப் பொருக்குத் தட்டியிருந்தது. யமுனா எட்டிப் பார்த்தாள். பல்லில் காரை படிந்ததுபோல் இருக்கிறதே என்று நினைத்தவள், நடுவில் ஒரு சிவப்புக் கீற்றைக் கண்டதும் அப்படியே நின்றாள். ஸ்ரீரங்கத்து மாட்டுப்பெண்ணுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டாம். திருமண். நடுவில் ஸ்ரீசூர்ணம். யாரோ துப்பாக்கிக்கு நாமம் போட்டிருக்கிறார்கள்!

முந்தாநாள் ஆயுத பூஜைக்கு மாமியார் கோமளவல்லிதான் பிடிவாதம் பிடித்தாள். "ஊர்ல எல்லாரும் கத்திரிக்கோலையும் ஸ்கூட்டரையும் ஆயுதம்னு வச்சுக்கறா. நம்மாத்துலதான் நிஜமாவே ஒண்ணு இருக்கு, அதை வைக்கப்படாதா?" யமுனா காலித் துப்பாக்கியை வைத்தாள், சந்தனம் குங்குமம் எதுவும் கிட்டே வரக்கூடாது என்றும் சொன்னாள். "புஸ்தகத்துக்குப் பக்கத்துல அதுவா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து போனவர் மாமனார். விடியற்காலை குளிக்கப் போன பத்து நிமிஷம் தவிர அவள் அதைவிட்டு நகரவே இல்லை. பூஜை முடிந்து பெட்டியில் வைத்து மூடியதை இன்றைக்குப் போட்டியில்தான் திறந்தாள்.

பத்து நிமிஷம் போதும். விற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஆள் அந்த வீட்டில் ஒருவர்தான். இவ்வளவு மட்டமாக இறங்குவாரா என்று நினைத்தபோது அவளுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முந்திக்கொண்டு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு வீட்டுக்குப் போன் அடித்தாள். மாமியார் எடுத்தாள்.

"அம்மா, துப்பாக்கிக்குத் திருமண் இட்டது யாரு?"

"நீ கிட்டயே போகப்படாதுன்னுட்டே, நான் ஏன் போறேன்? இரு... ஏன்னா, உங்களைத்தான்! ஏன் இப்படி முழிக்கறேள்?"

இருமல் சத்தம் கேட்டது. மாமனார்தான்.

"என்ன ஆச்சு?"

"மூட மாட்டேங்கறது அப்பா. இதை விக்கணும்னா நேரா சொல்லியிருக்கலாமே. இப்படியா பண்ணணும்?"

"விக்கறதுக்கா? ஐயையோ!" என்று பதறினார். "மூணாவது தடவை போறியேன்னு... பெருமாள் முன்னாடி வச்சது, அது மட்டும் வெறும் நெத்தியா உட்கார்ந்திருந்தது. மனசு கேக்கலை. சின்னதாத்தான் இட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்துடுத்து. நீ குளிச்சுட்டு வரதுக்குள்ள ஈரத்துணியால நன்னா அழுத்தித் துடைச்சுட்டேன். வெளியில ஒரு துளி தெரியலையேம்மா!"

"வச்சதுல தப்பில்ல" என்றார் சகாயநாதன். "அழுத்தித் துடைச்சாரு பாருங்க, அதுதான். மொத்தத்தையும் உள்ள தள்ளி விட்டுட்டாரு."

"யாரது பேசறது? நான் உடனே வரேன்" என்று போன் வைக்கப்பட்டது.

யமுனாவுக்குத் திட்டுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஐந்து வருஷத்தில் அவர் அந்தத் துப்பாக்கியைப் பெயர் சொல்லிக்கூடக் குறிப்பிட்டதில்லை, 'அது' என்பார். அதற்கு நாமம் போட்டிருக்கிறார்.

இன்னும் ஏழு நிமிஷம். சகாயநாதனின் பிரஷ் பள்ளத்தின் மூலைக்குள் போகவில்லை. ஊசி விட்டால் கீறும் என்று பயந்தார். யமுனா ஸ்கூட்டருக்கு ஓடினாள். மறுநாள் துறையூரில் பல் முகாம் இருந்ததால் கருவிப் பெட்டி சீட்டுக்கடியில் தயாராக இருந்தது. காரை சுரண்டும் கொக்கியை எடுத்து வந்து உட்கார்ந்தாள். சகாயநாதன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நர்ஸ் ஆனார்.

"இன்னும் கொஞ்சம் நல்லா திறங்க" என்றாள் பழக்கதோஷத்தில்.

"இதுக்கு மேல திறக்காதுங்க மேடம்."

கடைவாய்ப் பல்லைச் சுத்தம் செய்கிற பொறுமையோடு, கீறல் விழாமல், பொருக்குப் பொருக்காக எடுத்தாள். சகாயநாதன் மிச்சத்தைக் கழுவித் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, பூட்டி, இழுத்து விட்டார். சடக். அந்தச் சத்தத்துக்கு இருவரும் கும்பிடாத குறை. ஒரு நிமிஷம் மிச்சம் இருந்தது.

முதல் பத்துக் குண்டும் அங்கேயும் இங்கேயும் சிதறின, குறி பார்க்கும்போதெல்லாம் மாமனார் ஈரத்துணியோடு திருட்டு முழி முழிப்பது தெரிந்தது. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டாள். நடுவில் திரும்பிப் பார்த்தால் திருநாராயணன் நிஜமாகவே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்றிருந்தார். ஒவ்வொரு வெடிக்கும் தூக்கிப் போட்டது. சகாயநாதன் அவர் காதில் ஒரு கவசத்தை மாட்டிவிட்டார்.

தகுதிக்கு ஐந்நூற்று நாற்பது வேண்டும். வந்தது ஐந்நூற்று முப்பத்தெட்டு.

திருநாராயணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இலக்குத் தாள்களை விடைத்தாளைப்போலப் புரட்டினார். "இந்த ஓட்டை கோட்டைத் தொட்டிருக்கு. தொட்டா எந்த மார்க்கு?"

"பெரிய மார்க்குதான் சார்" என்று இம்தியாஸ் ஓட்டைக்குள் அளவுக் குச்சியை விட்டுப் பார்த்தார். உண்மையாகவே தொட்டிருந்தது. ஐந்நூற்று முப்பத்தொன்பது. மாமனார் மிச்சத் தாள்களையும் விடவில்லை, வெளிச்சத்தில் பிடித்து, சாய்த்து, தலைகீழாகக்கூடப் பார்த்தார். இன்னொரு புள்ளி எங்கேயும் கிடைக்கவில்லை.

"போதும்ப்பா, விடுங்கோ" என்றாள் யமுனா. துப்பாக்கியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். மூடிய பிறகும் கையை எடுக்க மனம் வரவில்லை. "அண்ணா, யாராவது வாங்கற மாதிரி இருந்தா சொல்லுங்கோ. நான் வாக்குக் கொடுத்திருக்கேன். மூணு தடவை ஆயிடுத்து."

சகாயநாதன் மேஜையைத் துடைத்தார்.

"எது மூணு?" என்றார் திருநாராயணன். காதுக் கவசத்தைக் கழற்ற மறந்திருந்ததால் கிளப்புக்கே கேட்கும்படிக் கத்தினார். "கேள்வித்தாளைக் கெடுத்தவன் நான். அந்தப் பரீட்சை செல்லுமா? ரெண்டுதான் ஆயிருக்கு. எனக்கே கணக்குச் சொல்லித்தரியா நீ?"