ஏழு பொன்னாடைகளும் ஒரு கருங்குதிரையும்

மழைமுகம் காணாக் கரிசல் வெடித்த வாய்களோடு வானை நோக்கிக் கிடக்க, மிளகாய்க் களங்களைத் தழுவிவந்த வெங்காற்று ஊரெங்கும் தும்மலை விதைத்துத் திரிந்த பங்குனி நண்பகலில், கோவில்பட்டித் திருமண மண்டபம் ஒன்றில், மாவட்டச் சதுரங்கப் போட்டியின் இறுதிச் சுற்று தொடங்கிற்று, அன்பரே!

வெண்காய்களுக்கு உரியவர் உரக்கடை காளீஸ்வரனார். தரப்புள்ளி ஈராயிரத்தைக் கடந்தவர். ‘சதுரங்கச் சிங்கம்’ எனத் தமக்குத் தாமே பட்டம் அச்சிட்டுக்கொண்ட எளிமையாளர். எதிரே, கழுகுமலையில் தீக்குச்சி அடைக்கும் தீபலட்சுமி. தரப்புள்ளி ஆயிரத்து நூறு. மாநிலப் போட்டிக்குரிய அணியில் எஞ்சியிருந்தது ஓரிடமே. ஆட்டம் சமனானாலே அது அவருக்கு. வென்றால் மட்டுமே அவளுக்கு.

ஆளுக்கு ஒரு மணி நேரம் வைத்து நடுவர் கடிகாரத்தை முடுக்கிய நொடியில், பொன்னாடை ஏற்க வருமாறு மேடையிலிருந்து சிங்கத்திற்கு அழைப்பு வந்தது.

“உங்க நேரம் ஓடுதே, அண்ணாச்சி?” என்றார் நடுவர்.

“ஓடட்டும் சார். இந்தப் பிள்ளைக்குப் பத்து நிமிஷம் போதாதா?”

போர்த்த வருபவரைத் தடுத்தல் ஊர்வழக்கன்று. தடுக்கும் எண்ணமும் அவர்க்கில்லை. ஏழு சங்கத்தார் போர்த்திய ஏழு பொன்னாடைகளும், ஆடைக்கொன்றாய் நீண்ட ஏழு புகழுரைகளும், அவருடைய ஐம்பது நிமிடங்களை உண்டு ஏப்பமிட்டன.

பின்னர் அமர்ந்து, மின்னலெனக் காய்களை வீசினார். அவளோ, குச்சிகளை அடுக்கும் அதே பொறுமையோடு, கருங்குதிரையை அவருடைய அரசனின் வாயில்வரை நடத்திவந்தாள். கடிகாரத்தில் இரண்டே நிமிடம் எஞ்சியதைக் கண்ட சிங்கம் குரலில் தேன் தடவிக்கொண்டது.

“தாயி, சமன்னு கைகொடுத்துருவோமா? என்கூட சமன்னா ஒங்க ஊரே ஒன்னயத் தலையில தூக்கிவச்சு ஆடுமே!”

“ஊரு ஆடட்டும் அண்ணாச்சி. நான் இங்கன விளையாடத்தான வந்திருக்கேன். நீங்க காய நகட்டுங்க.”

சினம் தலைக்கேற, காவல் நின்ற அரசியை அனுப்பித் தனித்து நின்ற காலாள் ஒன்றை வெட்டிக் கடிகாரத்தைத் தட்டினார்; தட்டிய பின்னரே கண்டார். கருங்குதிரை பாய்ந்தது. வெள்ளரசனோ, தன் பரிவாரமே நாற்புறமும் நெருக்கி நின்றமையால், ஒதுங்க ஒரு கட்டமுமின்றி வீழ்ந்தான்.

வாயிலில் காத்திருந்த உடனுழைப்பாளி பெத்தம்மாள், “ஏட்டி, என்னாச்சு?” என்றாள்.

“செயிச்சுட்டேன்க்கா.”

“யாரை? அவியளையா!” என்றவள், அவள் கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

மாலைப் பேருந்தில் அமர இடமில்லை. தீபலட்சுமி கம்பியைப் பற்றி நின்றபடியே ஊர் சேர்ந்தாள். அத்துணை நிமிர்ந்து நின்ற ஒருத்தியைக் கழுகுமலைப் பேருந்து அதற்குமுன் சுமந்ததில்லை.