முகத்தை மட்டும் மறைத்த படம்

பள்ளிக்கூட ஹாலில் படம் ஓட ஆரம்பித்து நாலாவது நிமிஷத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி வலது கையைத் தூக்கி, பல்பு மாட்டுவதுபோல மணிக்கட்டை இரண்டு தடவை திருகினாள். பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டுத் தானும் திருகினாள். அப்புறம் பின்வரிசையில் நாலு பேர். படத்தை வெட்டிச் சேர்த்து எடுத்துவந்து சுவரோரம் நின்ற எடிட்டருக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த வயசுப் பிள்ளைகளுக்குக் கையும் காலும் சும்மா இருக்குமா என்றுதான் நினைத்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

திரையில் பேசிக்கொண்டிருந்தவள் அவளுடைய அக்கா மகள். முகம் கலங்கலாக மறைக்கப்பட்டிருந்தது, குரலும் மாற்றப்பட்டிருந்தது. கை மட்டும் பேச்சுக்கு நடுவே தன்பாட்டுக்கு இரண்டு திருகு திருகியது.

அந்தத் திருகலைத் தெரியாத பள்ளிக்கூடம் உண்டா? பதினாலு வயதில் அவள் 'சுண்டெலி' என்ற பெயரில் போட்ட வீடியோ ஒவ்வொன்றும் அப்படித்தான் தொடங்கும். அம்மா திட்டுவது, எதிர்வீட்டுக்காரர் தும்முவது, எல்லாவற்றையும் அச்சு அசலாக நடித்துக் காட்டுவாள். மூன்று லட்சம் பேர் பின்தொடர்ந்தார்கள். ஒருநாள் நேரலையில் எவனோ அவள் பல்லைப் பற்றி எழுத, பொலபொலவென்று அழுதுவிட்டாள். பாவிகள், அந்த அழுகையை மட்டும் வெட்டியெடுத்து, பாட்டுப் போட்டுச் சுற்றில் விட்டார்கள். முப்பது லட்சம் பேர் பார்த்துச் சிரித்தார்கள். பஸ்ஸில் முன்பின் தெரியாத ஒருவன் அவள் முகத்துக்கு நேரே அதே மாதிரி அழுது காட்டினான். அன்றைக்கு அறைக்குள் போனவள்தான். எட்டு மாசம் பள்ளிக்கூடம் இல்லை, போன் இல்லை. தட்டில் வைத்தது வைத்தபடியே திரும்பி வரும்.

போன மாசம்தான் கொஞ்சம் வாயைத் திறந்தாள்.

"சித்தி, நீ பள்ளிக்கூடத்துக்கெல்லாம் படம் எடுக்கிறேல்ல, அதுல நான் பேசறேன். மத்த பிள்ளைங்களாவது இந்தக் கேலியிலேர்ந்து தப்பிக்கட்டும். ஆனா நான்தான்னு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியக்கூடாது."

"தெரியாதுடி. நான் இருக்கேன்ல?"

இருந்து என்ன கிழித்தாள்? பதினைந்து வருஷமாகப் படம் வெட்டுகிறவள். முகத்தை மறைத்தாள், சுவரில் தொங்கிய காலண்டரை மறைத்தாள், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடைப் பலகையைக்கூட விடவில்லை. கையைக் கவனிக்கவில்லை. தண்ணீர் கேட்டாலும் திருகும் கை அது; பார்த்துப் பார்த்துப் பழகிப்போயிருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டுக் காம்பை வெளியே விட்ட புத்திசாலி! அடுத்த மாசம் அந்தப் பெண் புதுப் பள்ளிக்கூடம் போவதாக இருந்தது. அங்கே யாருக்கும் அவளைத் தெரியாது என்பதுதான் வீட்டில் எல்லோருக்கும் இருந்த ஒரே நம்பிக்கை.

படத்தை நிறுத்தப் போனவளை டீச்சர் தடுத்தார். "விடுங்க மேடம், பசங்க எவ்வளவு ஆர்வமா பாக்கறாங்க!"

இருபத்திரண்டு நிமிஷமும் ஓடி முடிந்தது. விளக்கைப் போட்டதுதான் தாமதம், கைகள் எழுந்தன.

"மேடம், அது சுண்டெலிதானே?"

"இல்லப்பா, வேற பொண்ணு."

"சும்மா சொல்லாதீங்க மேடம்!" கூடமே கொல்லென்று சிரித்தது.

"அந்த அழுத வீடியோவுக்கு முப்பது லட்சம் வந்துச்சாமே, நிஜமா?"

"திரும்பி எப்போ வருவாங்க?"

கடைசியாகக் கண்ணாடி போட்ட ஒரு பெண் எழுந்தாள். இவள் சிரிக்கவில்லை. "நானும் அழுதா அவ்வளவு பேர் பாப்பாங்களா மேடம்?"

"என் கிளாஸ் இவ்வளவு கேள்வி கேட்டதே இல்ல" என்று டீச்சருக்கு ஒரே பெருமை. படத்துக்கு முன்னால் எல்லாருடைய போனையும் பிளாஸ்டிக் பக்கெட்டில் வாங்கி வைத்தவர் அவர்தான். ஒரு போன் மட்டும் பக்கெட்டுக்குள் விழவில்லை என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் எடிட்டருக்குத் தெரிந்தது. திரையை அப்படியே படம்பிடித்து எவனோ போட்டிருந்தான்: 'அழுமூஞ்சி உயிரோட இருக்கு.' கீழே எண்ணிக்கை விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகக் கால் வரவில்லை. அந்தக் குழந்தையின் முகத்தில் எப்படி விழிப்பது? நாலு தெரு சுற்றிவிட்டுச் சாயங்காலம்தான் போனாள்.

கதவைத் திறந்த அக்கா வாயில் விரலை வைத்தாள்.

"கத்தாதே. சாப்பிடறா. தானா கேட்டு வாங்கிச் சாப்பிடறா."

"அக்கா, அந்தப் படம்..."

"தெரியும். யாரோ எனக்கு அனுப்பிட்டாங்க. அவ என் போனைப் பிடுங்கிப் பாத்துட்டா. எனக்கு உயிரே போச்சு. ஆனா சிரிச்சாடி! எட்டு மாசம் கழிச்சுச் சிரிச்சா. நீ ஒண்ணும் சொல்லாதே, உன் கால்ல வேணா விழறேன்."

உள்ளே பெண் தலைக்குக் குளித்து, சீவி முடித்திருந்தாள். தட்டு காலி. அக்காவின் போன் தண்ணீர் பாட்டிலில் சாய்ந்து நின்றது.

"சித்தி! பன்னண்டாயிரம் பேர் புதுசா வந்திருக்காங்க! அழுமூஞ்சின்னு ஒருத்தன் போட்டிருக்கான் பாரு, அதுக்கே ரெண்டாயிரம் லைக்!"

"என்னை மன்னிச்சுடுடி. கையைக் கவனிக்காம விட்டுட்டேன்."

"கவனிக்கலையா?" பெண் ஆச்சரியமாகப் பார்த்தாள். "நான் வேணும்னுதான் திருகினேன். நீ வெட்டிடுவியோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

"யாருக்கும் தெரியக்கூடாதுன்னு சொன்னியே?"

"சொன்னேன். அதுவும் நிஜம்தான்."

எடிட்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பெண் போனை எடுத்து அவள் கையில் திணித்தாள்.

"இந்தத் தடவை நீ எடு சித்தி. நீ எடுத்தா நல்லா வரும். அழற மாதிரி ஒண்ணு போடலாம், அதுதான் ஓடும். முகம் நல்லாத் தெரியணும்."

வாசலில் அக்கா இரண்டு கையையும் கூப்பியபடி நின்றாள். வேண்டாம் என்று சொல்ல எடிட்டர் வாயைத் திறந்தாள். சொன்னால் நாளைக்குத் தட்டு வைத்தது வைத்தபடி திரும்பி வரும். போனை நிமிர்த்திப் பிடித்தாள்.

பெண் ஜன்னல் வெளிச்சத்துக்கு வந்து நின்றாள். மணிக்கட்டை இரண்டு தடவை திருகினாள். அழுகை உடனே வந்தது. தோள் குலுங்கியது, மூச்சு அடைத்தது, துடைக்கத் துடைக்க வந்தது. அது நடிப்பில்லை என்று எடிட்டருக்குத் தெரிந்தது. எட்டு மாசமாக ஒருவர் முன்னாலும் அழாத அழுகை. போனைக் கீழே போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று எழப் போனாள்.

"அசையாதே சித்தி," என்றாள் பெண், விக்கலுக்கு நடுவே. "ரெக்கார்டு ஆகுதா?"