கரண்டுக்குப் பதிலாள்

ராமர் எனக்குத் தர வேண்டியது ஆறாயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய். அவர் காட்டில் பூண்டு பிடுங்கி, காயவைத்து, மூட்டையை ரோட்டு வரைக்கும் சுமந்த கூலி. எங்கள் மலையூர் கூக்காலில் இந்தத் தொகை தெரியாத ஆள் கிடையாது. என் வீட்டுக்காரி ஜெயா குழாயடியில் தினமும் சொல்லிச் சொல்லி, தண்ணீர் பிடிக்க வரும் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம் ஆகியிருந்தது.

எங்கள் அடுப்படித் தகரத்தில் ஓட்டை. ஐப்பசி மழை இறங்கிவிட்டால் நேராக அடுப்புக்குள்தான் விழும். காசு வந்தால் புதுத் தகரம். வராவிட்டால் ஒரு கையில் குடை, மறு கையில் ரொட்டி என்று அவள் சமைக்க வேண்டும். குடையை நான்தான் பிடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள்.

வேலை இருக்கும் நாளில் ராமருக்கு நான் "ஏலே சுரேந்திரா". என்னைவிட வயதில் இளையவர்தான், ஆனால் காடு அவருடையது. கூலி கேட்டுப் போனால் மட்டும் "வாங்கண்ணே" என்பார். அண்ணே என்ற சொல் வந்துவிட்டால் அன்றைக்குக் காசு இல்லை என்று அர்த்தம். அந்தப் புரட்டாசி முழுக்க நான் அண்ணனாகவே இருந்தேன்.

"பூண்டுக் காசு வடுகபட்டி மண்டியில மாட்டிக் கெடக்குண்ணே. கடையில நாலு காசு பாக்கலாம்னா கம்ப்யூட்டரு மொரண்டு பிடிக்குது. அது ஓடட்டும், மொத காசு ஒங்களுக்குத்தான்."

ரோட்டோரம் ராமருக்கு ஒரு கடை இருந்தது. பட்டா, சிட்டா, வருமானச் சான்று, ஜெராக்ஸ். உள்ளே இருந்த கம்ப்யூட்டர் கொடைக்கானலில் ஒரு லாட்ஜை மூடியபோது கட்டில், பீரோவோடு சேர்த்து அள்ளி வந்தது. வெள்ளைப் பெட்டி மஞ்சளாகி, பிறகு காப்பி நிறமாகியிருந்தது. அதில் இருந்தது விண்டோஸ் ஏழு. எந்த அரசாங்கப் பக்கத்தைத் தட்டினாலும் "நீ பழைய ஆள், உள்ளே விட மாட்டேன்" என்று சொல்லுகிறதாம். பத்தை ஏற்றினால்தான் கதவு திறக்குமாம். ஆக, என் கூலி அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

ஏற்றுவதற்குச் செண்பகனூரிலிருந்து மகாதேவி என்ற பெண் வந்தாள். கம்ப்யூட்டர் ரிப்பேர் அவள் தொழில். காலை பஸ்ஸில் வந்து மூன்று மணி பஸ்ஸில் திரும்பிவிடுவாள், அதை விட்டால் வேறு பஸ் கிடையாது. ஏற்கெனவே இரண்டு தடவை வந்து தோற்றுப் போயிருந்தாள். பாதி ஏறும்போது எதிர்வரிசையில் பாப்பம்மாள் மாவு மில்லைப் போடுவாள். ராமர் கடை பல்பு பீடி நுனி மாதிரி ஆகும். கம்ப்யூட்டர் பொத்தென்று செத்துவிடும்.

மூன்றாவது தடவை அவள் வந்த அன்று நான் வெள்ளனே போய்க் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

"ராமர் சார், இதுதான் லாஸ்ட்" என்றாள் மகாதேவி. "ரெண்டு ஜிபி ரேம்ல இது ஏறுறதே பெரிய விஷயம். இன்னொரு தடவை நடுவுல கரண்ட் டிப் ஆச்சுன்னா ஹார்ட் டிஸ்க்கே போயிடும். கீழ ஒரு யூபிஎஸ் இருக்கே, அது என்னாச்சு?"

மேஜைக்கு அடியில் கறுப்பாக ஒரு கனத்த பெட்டி. அதன்மேல் பூப்போட்ட துணி, துணிமேல் ஒரு பிளாஸ்டிக் ரோஜா.

"பேட்டரி செத்துப்போச்சும்மா."

"கழட்டுங்க, என்ன சைஸ்னு பாக்கறேன்."

"அதுல கை வைக்காத! ஷாக் அடிக்கும்!"

"பிளக்கே சொருகலையே சார்?"

"பழைய கரண்டு உள்ள தங்கிக் கெடக்கும்."

அவள் என்னைப் பார்த்தாள். பூண்டு பற்றிக் கேட்டால் சொல்லுவேன், இதில் எனக்கு என்ன தெரியும்? வேறு ஒரு சந்தேகம்தான் எனக்கு இருந்தது.

"ஏழுக்கு அடுத்து எட்டு, ஒம்பது இல்லையா தாயி?"

"எட்டு இருக்குண்ணா. ஒம்பது கிடையாது."

"ஏன்?"

"யாருக்குத் தெரியும். விட்டுட்டாங்க."

எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. நாங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்து இறங்கியபோது கொழுந்துக் கூடை பிடிக்கத் தெரிந்த எனக்கு அனா ஆவன்னா தெரியாது. நாற்பத்து மூன்று வயதில்தான் இரவுப் பள்ளியில் எழுத்துக் கற்றேன். முதல் புத்தகத்தையே அங்கே பாடம் நடத்திய சிஸ்டர் என்னை மூன்று முறை படிக்க வைத்தார். இந்தப் பெட்டிக்கு மட்டும் ஒன்பதைத் தாண்டிக்கொண்டு போக அனுமதி!

"மில்லு, ரூமு வச்சிருக்கவங்க கெய்சர், கேரட் காட்டு மோட்டார்" என்று விரல் விட்டு எண்ணினாள் மகாதேவி. "இந்த மூணும் மூச்சு விடாம இருந்தா நான் ஏத்திடுவேன்."

"நான் போய்ச் சொன்னா ஒரு பய கேக்க மாட்டான்" என்றார் ராமர். "ஒங்களுக்குன்னா கேப்பாங்கண்ணே."

போனேன்.

பாப்பம்மாள் இடுப்பில் கை வைத்தாள். "ஏலே, கேப்பை அரைக்கச் சனம் காத்துக் கெடக்கு. இன்னைக்கு என்ன கிரகணமா?"

"கிரகணம்னே வச்சுக்கக்கா. பெட்டியில பத்து ஏறுற வரைக்கும்."

"அவன் பெட்டிக்கு நான் எதுக்குலே மில்லை நிறுத்தணும்?"

"என் கூலிக்காக."

அவள் இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். குழாயடியில் அவளும்தானே கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி. அந்தா திருகை கெடக்கு. அவசரமா வேணும்னு நிக்கிறாளே, அவளுக்கு ரெண்டு படி அரைச்சுக் குடுத்துட்டுப் போ. பொறவு, அந்த ராமர் வந்து போடுன்னாலும் போட மாட்டேன், போடாதன்னாலும் கேக்க மாட்டேன். நீ வாசல்ல நின்னு துண்டைத் தூக்கு. அப்பத்தான் போடுவேன்."

திருகையைச் சுற்றிவிட்டு அஜித்குமாரிடம் போனேன். அவர் டூரிஸ்டுகளுக்கு நாலு ரூம் வாடகைக்கு விடுகிறவர்.

"கெய்சரை ஆஃப் பண்ணிடலாம்ணே, நோ பிராப்ளம். ஆனா வெந்நி இல்லன்னா கெஸ்ட் நெட்டுல ஸ்டாரைக் கொறச்சுருவாங்களே."

ஸ்டார் குறையாமலிருக்க விறகு பிளந்து, அண்டாவில் காய்ச்சி, வாளி வாளியாக மாடிக்குத் தூக்கினேன். ஒருவர் கதவைத் திறந்து, "ரொம்ப ஆத்தென்டிக்கா இருக்கு" என்று சொல்லி என்னை வாளியோடு போட்டோ பிடித்தார்.

அடுத்து வேலுமணி. "மோட்டாரை நிறுத்துறேன். கேரட்டு வாடுதே, அதுக்குப் பதில் சொல்லு" என்றார். ஓடையிலிருந்து குடத்தில் மொண்டு இரண்டு பாத்திக்கு ஊற்றிப் பதில் சொன்னேன்.

அரைக்க, காய்ச்ச, இறைக்க என்று கரண்டு பார்க்கும் சோலியெல்லாம் அன்றைக்கு நான் பார்த்தேன். கரண்டு மட்டும் ராமர் கடையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தது. மில் சத்தம் கேட்டால் தாங்களும் சுவிட்சைப் போட்டுக்கொள்வதாக மற்ற இரண்டு பேரும் சொன்னார்கள். அதுவரை பொறுப்பு என் துண்டுக்கு.

கடைக்குத் திரும்பியபோது எண்பத்தெட்டு சதவீதம் ஆகியிருந்தது. திரையில் தமிழ் எழுத்து ஓடியது. ஓடியது என்று சொல்லக்கூடாது, நின்றது. டிவியில் நான் முதல் சொல்லைக் கூட்டுவதற்குள் வரியே போய்விடும். பஸ் போர்டும் அப்படித்தான். இந்தப் பெட்டி நான் "உங்கள்... கணினியை... ஆயத்தம்... செய்கிறோம்" என்று முடிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றது. முடித்தபிறகும் நின்றது. பழைய மண்டையில் புது எழுத்து ஏறுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். பாவமாக இருந்தது.

வாசலுக்கு வந்தேன். கழுத்தெல்லாம் வேர்வை. துடைக்கலாம் என்று தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

"போடட்டுமாலே?" என்று எதிரே பாப்பம்மாள் கத்தினாள்.

"ஐயோ வேணாங்கா!" ராமர் நாற்காலியோடு எழுந்துவிட்டார். "அண்ணே, துண்டை எறக்குங்க, எறக்குங்க!"

"ஒன்னைக் கேக்கல. சுரேந்திரனைக் கேக்கேன்!"

நான் துண்டை இறக்கினேன். ராமர் மறுபடி உட்கார்ந்தார், கண்ணை மட்டும் துண்டிலிருந்து எடுக்கவில்லை. துண்டைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், ராமரைப் பார்த்தேன். எனக்கு எதுவும் சட்டென்று விளங்காது. அந்தப் பெட்டி மாதிரிதான், மெதுவாக ஏறும். ஆனால் ஏறிவிடும்.

"தம்பி, அந்த ஆறாயிரத்து எண்ணூத்தம்பது..."

"ஓடட்டும்ணே, ஓடட்டும். மொத காசு ஒங்களுக்குத்தான்."

"வேர்க்குது தம்பி." துண்டை நெஞ்சு வரைக்கும் கொண்டுபோனேன்.

"இந்தக் குளிர்ல என்னண்ணே வேர்வை!"

"திருகை சுத்தின வேர்வை."

"ஏலே, ஒரு வார்த்தை சொல்லித் தொலை!" என்றாள் பாப்பம்மாள். "சுவிச்சுலயே கை வச்சுக் கை கடுக்குது!"

துண்டு தாடைக்கு வந்தது.

"சார், தொண்ணூத்திமூணு" என்றாள் மகாதேவி, திரும்பிப் பார்க்காமல். "இப்ப போச்சுன்னா புது ஹார்ட் டிஸ்க் வாங்கணும். என்னோட மூணு நாள் பீஸும் இருக்கு. சும்மா சொல்லி வைக்கறேன்."

துண்டு நெற்றிக்கு வந்தது.

"ஏலே சுரேந்திரா!" என்று அலறினார் ராமர்.

எனக்குக் காது குளிர்ந்தது. அண்ணன் போய் ஏலே வந்துவிட்டது. காசு இருக்கிறது!

ராமர் மகாதேவியிடம் ஸ்குரூடிரைவரைப் பிடுங்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் குனிந்தார். ரோஜாவை எடுத்தார். துணியை எடுத்தார். நாலு ஸ்குரூ இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் அடிக்கடி கழற்றி வழவழப்பாகி. மூடியைத் தூக்கினார். பேட்டரி இருக்க வேண்டிய பள்ளத்தில் பூண்டு வலைப்பை ஒன்று, அதற்குள் ரப்பர் போட்ட நோட்டுக்கட்டு. பூண்டு வாசம் கடை முழுக்க அடித்தது.

"பழைய கரண்டுன்னீங்களே சார்" என்றாள் மகாதேவி. "ஐநூறு ஐநூறா தங்கிக் கெடக்கு."

"நீ வேலையைப் பாரும்மா."

"இதுல கொஞ்சத்தை எடுத்து ஒரு பேட்டரி வாங்கிப் போட்டிருந்தா மொத நாளே முடிஞ்சிருக்குமே."

"பேட்டரியைப் போட்டுட்டுக் காசை எங்க வைக்க?" என்றார் ராமர், நிஜமாகவே புரியாமல்.

பதின்மூன்று ஐநூறு ரூபாய் நோட்டுகளை எச்சில் தொட்டு எண்ணிக் கொடுத்தார். மேஜை டிராயரைக் குடைந்து நூறும் பத்துமாக முந்நூறு சேர்த்தார். நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு முறை எண்ணினேன். ஆறாயிரத்து எண்ணூறு.

காசு வந்துவிட்டது, இனித் துண்டு அசையக்கூடாது. திரை கறுப்பாகி, நீலமாகி, "வணக்கம்" என்று வருகிற வரைக்கும் வாசலில் கல்லாக நின்றேன். அந்த ஒரு சொல்லைக் கூட்டாமல் ஒரே மூச்சில் படித்தேன். மகாதேவி பெட்டியை ஒழுங்காக அணைத்து, தன் பீஸுக்காக அந்த வலைப்பையைக் கண்ணால் காட்டிவிட்டு, "ஓகேண்ணா, இனி எது வேணாலும் போடலாம்" என்றாள். தூரத்து வளைவில் மூன்று மணி பஸ் ஹாரன் அடித்தது.

"தம்பி, இன்னும் ஒரு அம்பது."

ராமர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "அம்பது ரூவாதான, நமக்குள்ள என்னண்ணே!"

அண்ணே என்று சொல்லிவிட்டார். அந்த ஐம்பது இனி வராது. போகட்டும் என்று அதைத் தள்ளுபடி செய்துவிட்டு, துண்டை உதறித் தலைக்கு மேலே தூக்கினேன்.