நர்சீஸின் வலது தோள்

நர்சீஸ் பையை இடது கையால் தூக்கி ரயிலின் மேல்தட்டில் வைத்தபோதே எனக்கு உறுத்தியது. பதினான்கு வருடக் கல்யாண வாழ்க்கையில் இந்த மனிதன் இடது கையால் செய்த ஒரே வேலை மூக்கைச் சொறிவதுதான். காபியையும் இடது கையால் குடித்தான். தக்காளி தேய்த்த ரொட்டியை இடது கையால் பிய்த்தான். பாதியைச் சட்டையில் சிந்தினான்.

"கையில என்ன?"

"ராத்திரி முழுக்க மாவு பிசைஞ்சவன் கையில என்ன இருக்கும்? மாவுதான்."

அவன் ரொட்டிக்கடையில் வேலை செய்கிறவன். காலை ஏழு மணிக்கு அடுப்பை விட்டு வந்து குளித்துவிட்டு நேரே ரயிலேறுவதால், குழுவின் பேருந்தில் போகாமல் நாங்கள் இருவர் மட்டும் தனியாகப் போய்க்கொண்டிருந்தோம். கடலோர நகரமான தர்ரகோனாவில் புனித தெக்லாவின் திருவிழா. மதியம் சதுக்கத்தில் மனிதக் கோபுரம் கட்ட எங்கள் ஊர்க் குழுவையும் அழைத்திருந்தார்கள்.

அவன் சட்டையில் விழுந்த துணுக்கைத் தட்டிவிடுவதுபோல வலது தோளில் கை வைத்து ஒரு அழுத்து அழுத்தினேன். சத்தம் வரவில்லை. முகம் மட்டும் வெளுத்துப்போனது. அதுவே போதுமாக இருந்தது எனக்கு.

"எத்தனை நாளா?"

"பத்து நாள். மாவு மூட்டை வழுக்கிடுச்சு."

"டாக்டர்கிட்ட போனியா?"

"தசைநார் கிழிஞ்சிருக்காம். ஆறு வாரத்துக்குப் பாரம் தூக்கக் கூடாதாம்." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "டாக்டருங்க எல்லாத்துக்கும் ஆறு வாரம்தான் சொல்லுவாங்க."

அன்று நாங்கள் கட்டப்போனது எட்டு அடுக்கு. கீழ் ஐந்து அடுக்கிலும் நான்கு நான்கு பேர். மூன்றாம் அடுக்கில் நர்சீஸ். அவன் தோளில் என் இரண்டு கால். என் தோளில் இன்னொருத்தி. அதற்கும் மேலே பிள்ளைகள். உச்சிக்கு ஏறிக் கையை உயர்த்துகிறவள் எங்கள் தெரு எல்வீராவின் மகள் ஐனா. அவளுக்கு ஏழு வயது, முன்பல் இரண்டும் இல்லை.

"இசிட்ரேகிட்ட சொல்லிடு," என்றேன். இசிட்ரே எங்கள் குழுத் தலைவர்.

"சொன்னா எட்டு கிடையாது. ஏழு போதும்னுடுவாரு. ஒன்பது வருஷமா இந்த எட்டுக்காக நாயா அலையுறோம், மரியோனா."

"உன் இடத்துல ரோக் நிக்கட்டுமே."

"அந்தப் பையன் ரெண்டே தடவை பழகியிருக்கான். அவனை நம்பி எட்டு கட்டுவாரா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "போன வருஷம் யாரால விழுந்துச்சுன்னு ஊருக்கே தெரியும்."

தெரியும். போன வருடம் இதே சதுக்கத்தில் இவன் முழங்கால் மடங்கித்தான் கோபுரம் சரிந்தது. அடியில் நெருக்கி நின்ற கூட்டத்தின் மேல் விழுந்ததால் சிராய்ப்போடு தப்பினோம். அதன் பிறகு கடைக்கு வருகிற ஒவ்வொருவனும் ரொட்டியை வாங்கி மேசையில் நிறுத்தி, "இது நிக்குமா நர்சீஸ், இல்ல விழுமா?" என்று கேட்பான். இவனும் கூடச் சிரிப்பான். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வான். அதையெல்லாம் பார்த்தவள் நான். அதனால்தான் ரயிலிலேயே சண்டையைப் பெரிதாக்கவில்லை.

"உன் வாயாலயே சொல்லிடு. இல்லன்னா நான் சொல்லுவேன்."

"சொல்லு. உன்னை யாரு நம்புறாங்கன்னு பாப்போம்."

கடல் தெரிந்ததும் பையைத் துழாவி இரண்டு மாத்திரைகளைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினான்.

தர்ரகோனா நிலையத்திலிருந்து மேட்டுத் தெருவெல்லாம் தலைகள். வெடிச்சத்தம் காதைப் பிளந்தது. பொம்மை அரக்கர்கள் ஆடிக்கொண்டு வர, கூட்டம் எங்களைச் சுவரோடு ஒட்டியது. யாரோ அவன் வலப்பக்கம் இடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவரிடமே மன்னிப்பும் கேட்டான். எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே இவனுக்கு நாலு அறை விட்டிருப்பேன்.

சதுக்கத்தில் எங்கள் நீலச் சட்டைகள் இருநூறு காத்திருந்தன. இசிட்ரே வந்து நர்சீஸைக் கட்டிக்கொண்டு, சரியாக அந்தத் தோளிலேயே ஓங்கித் தட்டினார்.

"இன்னைக்கு உன்னை நம்பித்தான்யா இருக்கேன்."

"நம்புங்க," என்றான். சிரித்தான் வேறு.

கச்சை கட்டும் நேரம். கறுப்புத் துணியின் ஒரு முனையை நான் இழுத்துப் பிடிக்க, மறுமுனையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் சுழன்று சுழன்று என்னை நோக்கி வருவான். பிள்ளைகள் மேலே ஏறும்போது கால் வைப்பது இந்தக் கச்சையில்தான். தளர்ந்தால் வழுக்கும். கடைசிச் சுற்றில் அவன் முகம் என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. நெற்றியெல்லாம் வியர்வை.

"இப்பவாவது சொல்லுறியா?"

"இறுக்கிப் பிடி," என்றான்.

துணியைச் செருகிவிட்டு நேரே இசிட்ரேயிடம் போனேன்.

"நர்சீஸுக்குத் தோள் கிழிஞ்சிருக்கு. டாக்டர் பாரம் கூடாதுன்னுட்டாரு. உங்ககிட்ட மறைக்கிறான்."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எல்வீரா ஐனாவுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கையும் நின்றது.

"பொய்," என்றான் நர்சீஸ் எனக்குப் பின்னால். "அவளுக்குப் பயம். போன வருஷம் விழுந்ததுலேருந்தே இப்படித்தான். ரயில்லயும் இதே புலம்பல்."

பதினான்கு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவன் இருநூறு பேர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக்கினான். கை நடுங்கியது. அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ள அங்கே நிறைய பேர் தயாராக இருந்தார்கள்.

"கையைத் தூக்கு," என்றார் இசிட்ரே.

நர்சீஸ் வலது கையை மெதுவாக உயர்த்தினான். காது வரை போனது, தலைக்கு மேலும் போனது. கண் இமைக்கவில்லை. மாத்திரையா, வீம்பா, கடவுளுக்கே வெளிச்சம்.

"பாருங்க," என்று ஒருவன் சிரித்தான். "மரியோனாவுக்கு இப்பவே கால் ஆடுது, தூக்கிப் பிடிங்கப்பா." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

இசிட்ரே என் முதுகில் கை வைத்தார். அந்தக் கனிவுதான் எனக்குத் தாங்கவில்லை. "பயமா இருந்தா தப்பில்லம்மா. வேற ஆளு இருக்கு. நீ ஒதுங்கிக்கோ."

"யாருக்குப் பயம்?" என்றேன். "நான்தான் ஏறுவேன்."

எல்வீரா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பின்னலை முடித்து, ஐனாவின் தலைக்கவசத்தை மாட்டினாள்.

அடியில் கூட்டம் நெருங்கி இறுகியது. இரண்டாம் அடுக்கு நின்றது. நர்சீஸ் ஏறினான். குழல்காரர்கள் ஊதத் தொடங்கினார்கள். நான் முதுகுகளைப் பிடித்து ஏறி அவன் தோளில் வெறுங்காலை வைத்தேன். முதலில் இடது, பிறகு வலது. வலது காலின் கீழே தோள் ஒரு விரற்கடை இறங்கி மறுபடி ஏறியது.

"நர்சீஸ்," என்றேன் கீழே பார்க்காமல்.

"நில்லு," என்றான் பல்லிடுக்கில்.

ஐந்தாம் அடுக்கு என் தோளில் ஏறியது. நடுக்கம் தொடங்கியது. நான்கு தூணில் எங்கள் தூண் மட்டும் ஆடியது. அவன் மூச்சு என் கணுக்காலுக்குக் கீழே இரைந்தது. 'சொல்லிவிடு, வாயைத் திற' என்று மனது அடித்துக்கொண்டது. திறந்தால் கீழே நிற்கிறவர்கள் மறுபடி சிரிப்பார்களே என்ற நினைப்பும் கூடவே வந்தது. எதிரே நின்றவளின் கைகளை இறுக்கிக்கொண்டு நின்றேன். ஆறாம் அடுக்குப் பிள்ளைகள் போனார்கள். ஏழாவதும் போனது.

ஐனா எங்கள் தூண் வழியாகத்தான் ஏறுவாள். அவள் நர்சீஸின் கச்சையில் கால் வைத்ததும், பிறகு தோளில் கால் வைத்ததும் எனக்குத் தெரிந்தது. கீழிருந்து ஒரு முனகல் வந்தது.

"வலிக்குதா?" என்று ஐனா அவனிடம் கேட்டாள்.

அவள் என் கச்சையில் கால் வைத்தாள். முழங்காலை என் தோளில் ஊன்றினாள். முப்பது அடிக்கு மேல் போக வேண்டிய பிள்ளையின் மூச்சு என் காதில் சூடாக அடித்தது. அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

"இசிட்ரே!" நர்சீஸின் குரல்தான். சதுக்கம் முழுக்கக் கேட்டிருக்கும். "இறக்குங்க. என் தோள் போச்சு. எல்லாரையும் இறக்குங்க."

குழல் நின்றது. ஐனா வந்த வழியே சறுக்கினாள். ஏழாவது, ஆறாவது, ஐந்தாவது. ஒவ்வொருவர் இறங்கும்போதும் அந்தத் தோள் இன்னும் ஒருமுறை தாங்க வேண்டியிருந்தது. அவன் அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டே தாங்கினான். நான் இறங்கியதும் அவன் மடங்கினான். கூட்டத்தின் கைகள் அவனை வாங்கிக்கொண்டன. விழுந்து அடிபட்டவர் யாருமில்லை.

சதுக்கத்தில் மரியாதைக்குக் கொஞ்சம் கைதட்டினார்கள். எங்களுடையவர்கள் தட்டவில்லை.

நர்சீஸ் தரையில் உட்கார்ந்து, கையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தான். இசிட்ரே எதிரே நின்றார்.

"அவ சொன்னது நிஜம்," என்றான். "நான்தான் பொய் சொன்னேன்."

இசிட்ரே திரும்பிப் போனார். எனக்கு உள்ளே ஒரு திருப்தி எழுந்தது என்பதை ஒளிப்பானேன். இப்போது எல்லோரும் என்னிடம் வரட்டும் என்று நின்றேன்.

எல்வீராதான் முதலில் வந்தாள். ஐனாவின் கையைப் பிடித்திருந்தாள்.

"நீ சொன்னப்ப நாங்க நம்பல. அது எங்க தப்பு," என்றாள். குரல் உயரவில்லை. "ஆனா உனக்குத் தெரியுமே மரியோனா. தெரிஞ்சும் எதுக்கு ஏறின?"

"அவளைக் கேக்காத எல்வீரா," என்றான் நர்சீஸ் தரையிலிருந்து. "என்னைக் கேளு."

"உன்கிட்ட நான் பேசல."

நான் ஏறாவிட்டால் வேறொருத்தி ஏறியிருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். அது உண்மையும்கூட. ஆனால் ஏறும்போது நான் அதை நினைக்கவில்லை.

"எல்லாரும் சிரிச்சாங்க," என்றேன்.

எல்வீரா தலையாட்டினாள். ஐனா முன்பல்லில்லாமல் சிரித்து எனக்குக் கையசைக்கப் பார்த்தாள். எல்வீரா அவளை என்னிடமிருந்து தள்ளி மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.