செம்பனின் பெரிய குண்டிக்காய்

மகள் ஆனந்தபாயின் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பொன்னுதாஸ் அறுப்பைப் பாதியில் நிறுத்திவிட்டார். பனச்சமூட்டில் இருபது வருசமாக மாடு அறுக்கிறவர் அவர். தன் வீட்டு விருந்துக்கு அறுத்த காளையிலா இப்படி வரவேண்டும்? மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் இரண்டில் ஒன்று சிறுத்து வெளிறி, கைப்பிடிக்குள் அடங்கியது. மற்றது இருக்க வேண்டிய அளவைப்போல் ஒன்றரை மடங்கு.

வேறு யாராவது என்றால் இரண்டையும் நாய்க்கு வீசிவிட்டுக் கறி வெட்டத் தொடங்கியிருப்பார்கள். பொன்னுதாஸ் அந்த ரகமில்லை. கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, மாட்டு டாக்டர் சதாசிவனுக்கு ஆள் அனுப்பினார். அனுப்பின பிறகுதான் பயம் பிடித்தது. டாக்டர் மாட்டையே புதைக்கச் சொல்லிவிட்டால்? மலையாள சர்க்காரிடமிருந்து தமிழ்ப் பகுதியைப் பிரித்துக் கேட்கும் எல்லைப் போராட்ட ஹர்த்தாலில் சந்தை மூன்று நாளாக அடைப்பு. இன்னொரு மாட்டுக்கு எங்கே போவது? முந்நூறு இலையிலும் பருப்பும் பப்படமும் மட்டும் விளம்பினால், மாப்பிள்ளை வீட்டார் ஏழு தலைமுறைக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

காளை, பெண்ணின் தாய்மாமன் விஜயதாசின் சீர். அந்தக் குடும்பத்தில் மாமன் தன் கையால் வளர்த்த மாட்டைத்தான் விருந்துக்குக் கொடுக்க வேண்டும். உழுது வயசான செம்பனை அவரே கயிறு பிடித்துக் கொண்டுவந்து விட்டிருந்தார். ஆள் தமிழ்க் கட்சியில் தீவிரம். எல்லை பிரியும்வரை சர்க்கார் ஆளிடம் மலையாளம் பேசமாட்டேன் என்று வேதப்புத்தகத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தவர். டாக்டரோ, சர்க்கார் காரியத்தை மலையாளத்தில்தான் பேசுவேன் என்று விறைத்து நிற்கிறவர். இரண்டு பேருக்கும் இரண்டு பாஷையும் தண்ணீர் பட்ட பாடு.

டாக்டர் வந்தார். மாடு ஒழுங்காகத் தின்றதா, மூத்திரம் சரியாகப் போனதா என்று மலையாளத்தில் கேட்டார். பக்கத்தில் நின்ற விஜயதாஸ் கூரையைப் பார்த்தார். பொன்னுதாஸ் அதைத் தமிழில் சொன்னதும் விஜயதாஸ் தமிழில் பதில் சொன்னார். இப்போது டாக்டர் காது கேளாதவர் மாதிரி நின்றார். பொன்னுதாஸ் அதை மலையாளமாக்கினார். கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்க, இந்த இரண்டு பிடிவாதக்காரர்களுக்கும் நடுவே துபாஷி உத்தியோகம் பார்க்கிறோமே என்று அவருக்கு எரிச்சலும் வந்தது, சிரிப்பும் வந்தது.

டாக்டர் இறைச்சியைப் பல இடத்தில் கீறிப் பார்த்தார், முகர்ந்தார். பிறகு சிறிய குண்டிக்காயைத் தூக்கி, வளர்த்தவன் வேளாவேளைக்குத் தண்ணீர் காட்டியிருக்கமாட்டான் என்று பொன்னுதாசிடம் மலையாளத்தில் சொன்னார்.

அதைத் தமிழில் சொல்லப் பொன்னுதாசுக்கு நாக்கு எழவில்லை. அவசியமும் இருக்கவில்லை.

"ஞான் குடிச்சில்லெங்கிலும் அதினு கஞ்ஞிவெள்ளம் கொடுத்திட்டுண்டு சாரே," என்றார் விஜயதாஸ். தான் பட்டினி கிடந்தும் மாட்டுக்குக் கஞ்சித்தண்ணி கொடுத்த கதையை மூச்சுவிடாமல் சுத்த மலையாளத்தில் கொட்டினார். கண் நிறைந்துவிட்டது. சத்தியம் போனது அவருக்கே தெரியவில்லை.

டாக்டர் சிறிய குண்டிக்காயைக் கீறித் திரும்பவும் பார்த்தார். பிறகு தமிழில் பேசினார்.

"நான் சொன்னது தப்பு. இது பிறவியிலேயே வளராமப் போனது. உங்க மேல குற்றம் ஒண்ணும் இல்ல. இதுக்க வேலையையும் சேத்து மத்தது செய்திருக்கு, அதான் பெருத்துப்போச்சு. சின்னதத் தூரக் களையுங்க. இறைச்சி நல்லதாக்கும்."

பொன்னுதாஸ் கழுவி வைத்த கத்தியை மறுபடி எடுத்தார். மகளின் விருந்து பிழைத்தது. ஒரு குண்டிக்காயோடு அத்தனை வயலையும் உழுதிருக்கிறதே இந்த மாடு என்று நினைத்துப் பெரிய குண்டிக்காயைத் தனியாக எடுத்து வைத்தார். நாளைக்குக் கட்டாயம் சாப்பிட வரவேண்டும் என்று டாக்டரை அழைத்தார். மாட்டிறைச்சி தின்பதில்லை, பாயசம் உண்டென்றால் வருகிறேன் என்றார் டாக்டர். எந்தப் பாஷையில் சொன்னார் என்று யாரும் கவனிக்கவில்லை.

டாக்டர் போனதும் விஜயதாஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அத்தான், நாளைக்கு அவருக்கு நான்தான் விளம்புவேன்."

"கட்சிக்காரனுவ எல்லாரும் பந்தியில இருப்பானுவ அளியா," என்று பொன்னுதாஸ் மச்சினனை எச்சரித்தார்.

"பாக்கட்டு. செம்பனுக்கு நான் ஒரு குறையும் வைக்கலன்னு சொன்ன மனுசன் ஆக்கும்."