வண்டி ஓட்டக் கூடாதவர்

வண்டி நோரீனுடையது. அதை ஓட்டி வந்தவன் அவள் கணவன் கர்ட்டிஸ். அவளுடைய லைசென்ஸை மிசோரி மாநில அரசு முடக்கி இரண்டு மாதமாகிறது. காப்பீடு இல்லாமல் ஓட்டினாள் என்று குற்றம். ஐந்து வாரம் ஓட்டியது உண்மைதான், ஆனால் தெரிந்து ஓட்டவில்லை. காப்பீட்டுத் தவணை கட்டவில்லை என்று வந்த கடிதங்களையெல்லாம் கர்ட்டிஸ் மீன்பிடிச் சாமான் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தான். தன் வேலை போனதை அவளிடம் சொல்லக் கூச்சமாம். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதைதான்.

வருகிற திங்கட்கிழமை அவள் வண்டியோடு வேலைக்குப் போயாக வேண்டும். படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவர்களை வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டுவது அவள் வேலை. அன்றும் வராவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவோம் என்று மேலாளர் கறாராகச் சொல்லியாயிற்று.

காப்பீட்டு அலுவலகம் நெடுஞ்சாலை ஓரத்தில், சலவைக் கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில். கர்ட்டிஸ் வெட்கப்பட்டுக்கொண்டு வண்டியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே முகவர் பெவர்லி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு விளக்கினாள்.

"எஸ்.ஆர். இருபத்திரண்டுன்னு ஒரு சான்று. நீங்க காப்பீடு வச்சிருக்கீங்கன்னு அரசாங்கத்துக்கு நாங்க வாக்குக் குடுக்கிறது. ரெண்டு வருஷத்துக்கு. நடுவுல ஒரு நாள் விட்டுப்போனாலும் நாங்களே உங்களைப் போட்டுக் குடுத்துடுவோம். வீட்ல வேற யாரு வண்டி ஓட்டுவாங்க?"

"என் வீட்டுக்காரர்."

பெவர்லி கணினியில் அவன் பெயரைத் தட்டினாள். தட்டியதும் முகம் சுருங்கியது.

"ரெண்டு விபத்து. ஒண்ணு தீவனக் கடைச் சுவத்துல! இவரைச் சேர்த்தா எந்தக் கம்பெனியும் உங்களைத் தொடாது. இவரை விலக்கி எழுதிக் குடுத்தா இப்பவே முடிச்சுடலாம். அப்புறம் அவர் இந்த வண்டியைத் தொடவே கூடாது. ஓட்டி எங்கயாவது மோதினா ஒரு சென்ட் கூட வராது, உங்க தலையிலதான் விடியும்."

நோரீன் கையெழுத்துப் போட்டாள். போடும்போது உள்ளுக்குள் ஒரு திருப்தி. அதற்காக அடுத்த நிமிடமே அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

"லைசென்ஸ் எப்ப வரும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள. அதுவரைக்கும் நீங்களும் ஓட்டாதீங்க."

அன்று புதன்கிழமை. அப்போதுதான் இருவரும் ஒரே நேரத்தில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார்கள். கர்ட்டிஸ் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து டோனட் தின்றுகொண்டிருந்தான். காப்பீடு வந்துவிட்டது, ஆனால் அந்த வண்டியை ஓட்ட ஆள் இல்லை.

"நீங்க வந்ததை நான் பார்க்கலம்மா. போறதைப் பார்க்க வச்சுடாதீங்க," என்றாள் பெவர்லி. "வண்டி இங்கயே நிக்கட்டும்."

வெளியே காற்று குளிராக வீசியது. நோரீன் கதவைத் திறந்து விஷயத்தைச் சொன்னாள்.

"என் பேரை அடிச்சுட்டியா?"

"அடிச்சுட்டேன்."

"பத்தொன்பது வருஷமா உன்கூடக் குடித்தனம் பண்றவன் நான்."

"அதுக்கும் காப்பீட்டுக்கும் என்ன சம்பந்தம்? இறங்கு. நடந்து போவோம்."

"பைத்தியமா உனக்கு? உங்க அக்காவைக் கூப்பிடு."

"அவகிட்டச் சொன்னா டமாரம் அடிச்ச மாதிரி. சாவியைக் குடு."

"எட்டு மைலு நோரீன்! பத்து நிமிஷம். எவன் பிடிக்கப் போறான்? ஏறு."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த அஞ்சு வாரமும் இப்படித்தான் நினைச்சியா? நான் காப்பீடே இல்லாம ஓட்டிட்டுப் போனேனே, அப்பவும் எவன் பிடிக்கப் போறான்னுதான் இருந்தியா?"

கர்ட்டிஸ் டோனட்டைத் தாளில் சுற்றி மடியில் வைத்தான்.

"இல்ல," என்றான். "நீ திரும்பி வர்ற வரைக்கும் தினமும் ஜன்னல்கிட்டயே நின்னுட்டு இருப்பேன். ஒரு வாய் சோறு இறங்காது."

நோரீனுக்கு இப்போதுதான் புரிந்தது. இவன் பயந்திருக்கிறான். பயந்துகொண்டே தன்னை அனுப்பியிருக்கிறான். கல் நெஞ்சுக்காரனாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"நின்னே, சரி. வாயைத் திறந்து சொல்லலையே, கர்ட்டிஸ்."

அவள் குனிந்து சாவியை உருவி எடுத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஓரமாக நடக்கத் தொடங்கினாள். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் சரளைக் கல்லில் அவன் காலடி கேட்டது. அவள் நடையைக் குறைக்கவில்லை.