காத்திருப்பு அறையின் மீன்தொட்டி

1

கோபத்தில்தான் இந்தக் கதை தொடங்கியது. ஒரு பல் மருத்துவமனையின் முன்னறையில், திங்கட்கிழமை காலை, என் தங்கை சின்ன வலை ஒன்றால் செத்த மீன்களை அள்ளிக்கொண்டிருந்தாள். மொத்தம் பதினொன்று. பின்னால் நின்றிருந்த டாக்டர், காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாராம்:

"குழாய்த் தண்ணிய அப்படியே ஊத்தினா மீன் எப்படிம்மா பொழைக்கும்?"

அவள் மிச்ச மீன்களையும் அள்ளி முடித்தாள். சாயங்காலம் என்னிடம் சொன்னாள். அவளுக்காக நான் எழுத உட்கார்ந்தேன். (அவளுக்காகவா? இருக்கட்டும், பிறகு வருகிறேன்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தண்ணீர் எதையும் மறப்பதில்லை, அது தன்–"

அடித்துவிட்டேன். எங்கள் தண்ணீருக்கு ஞாபகமெல்லாம் கிடையாது. சுண்ணாம்புதான் இருக்கிறது.

அடுத்து: "இரக்கமே இல்லாத ஒரு பல் மருத்துவர்–"

இதை எழுதும்போது மனசு குளிர்ந்தது. ஆனால் பொய். பயந்து நடுங்குகிறவர்களிடம் அந்த மனிதர் அரைமணி நேரம் பொறுமையாகப் பேசுவார். கெட்டவராக இருந்து தொலைத்திருந்தால் எனக்கு வேலை சுலபம். ஆகவே நடந்ததைச் சொல்கிறேன்.

3

தங்கை அங்கே எட்டு வருடமாக வரவேற்பு மேசையில் இருக்கிறாள். முன்னறையில் பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்று பழைய பத்திரிகைகள் போட்டுவைக்கும் இடமாகக் கிடந்தது. இதை ஏதாவது செய்யம்மா என்று டாக்டர்தான் சொன்னார்.

அவள் முதலில் மீன் வாங்கவில்லை. தண்ணீரைச் சோதித்தாள். குழாய்த் தண்ணீரை ஒரு சின்னக் குப்பியில் பிடித்து, மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறும்வரை எண்ண வேண்டும். எத்தனை சொட்டோ அத்தனை கடினம். பத்தைத் தாண்டினாலே கொஞ்சம் கடினம்தானாம். எங்கள் தண்ணீர் இருபத்திரண்டில் மாறியது.

"தண்ணியோட மல்லுக்கு நிக்க வேணாம்க்கா," என்றாள். "இந்தத் தண்ணி யாருக்குப் புடிக்குமோ அவங்களைக் கூப்பிட்டாப் போச்சு."

அப்படியே செய்தாள். நாடா போல நீளும் வாலிஸ்நேரியாச் செடியைச் சரளைக்கற்களில் ஊன்றினாள். ஜாவா ஃபெர்னை ஒரு மரக்கட்டையில் நூலால் கட்டினாள். ஐந்து வாரம் வெறும் செடிதான். மீன் இல்லாத தொட்டியா என்று வருகிறவர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே கண்ணாடியில் படிந்த வெள்ளைக் கோட்டைத் துடைத்தாள். செடி வேர்பிடித்த பிறகுதான் மோலி, கப்பி மீன்களெல்லாம் வந்தன. கடினத் தண்ணீர் என்றால் அவற்றுக்குக் கொண்டாட்டம். முறை வரும் முன்பே பயந்து வீட்டுக்கு ஓடிவிடும் லாரி ஓட்டுநர் ஒருவர், அந்தத் தொட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்து முதன்முறையாகப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

4

டாக்டருக்கு நியான் டெட்ரா மேல் ஆசை வந்தது. நீலமும் சிவப்பும் மின்னும் மீன். மென்மையான தண்ணீர்தான் அதற்கு வேண்டும். தண்ணீரை மென்மையாக்கும் என்று கடைக்காரர் அமிலப் புட்டி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். தங்கை தடுத்தாள்.

"கொஞ்சமா விட்டா மறுநாளே பழையபடி ஆயிடும் டாக்டர். நிறைய விட்டா இருக்கிற மீனும் செத்துடும்."

தானும் வேதியியல் படித்துவிட்டுத்தான் வந்ததாக அவர் சொன்னார். சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போன பிறகு புட்டி முழுவதையும் கவிழ்த்தார். தண்ணீர் சோடாபோல நுரைத்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

திங்கட்கிழமை, ஆட்கள் போன பிறகு, தங்கை காலிப் புட்டியைக் காட்டிக் கேட்டாள். ரெண்டே சொட்டுதான் விட்டேன், மிச்சம் கொட்டிப்போயிற்று என்றார் டாக்டர். பார்த்தவர் யாரும் இல்லையே.

5

நுரையைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

நான் அங்கே இருந்தேன். கடைவாய்ப் பல்லுக்காக, அவளிடம் சொல்லாமல் போயிருந்தேன். நான் மட்டும்தான் இருந்தேன்.

முந்தைய பிரதியில் இந்த இடத்தில் "ஊசி போட்டு என் வாய் மரத்துப்போயிருந்தது" என்று எழுதியிருந்தேன். நல்ல வரி. ஆனால் ஊசியை அதற்குப் பிறகுதான் போட்டார். அவர் கவிழ்க்கும்போது என் வாய் நன்றாகத்தான் இருந்தது. படித்தவர், அவருக்குத் தெரியாதா என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் புட்டியைப் பற்றி என் தங்கை என்னிடமும் சொல்லியிருந்தது எனக்கு நினைவிருந்தது. அப்படியும் உட்கார்ந்திருந்தேன்.

(டாக்டர்மேல் இருந்த கோபம் இந்தப் பத்தியில் வேறு ஆளிடம் போய்விட்டது. கதைக்கு இது நல்லதா என்று தெரியவில்லை.)

6

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் நான் முன்னறையில் எழுந்து நின்று எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன். இன்னொன்றில் தங்கை ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைக்கிறாள். இதுவரை உள்ள எல்லாவற்றையும் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நான் அங்கே இருந்தது அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

ஐந்தாவது பகுதியை இரண்டு தடவை படித்தாள்.

"எழுதறதுக்கு மட்டும் உனக்கு எங்கேருந்துக்கா தைரியம் வருது?"

இரண்டாவது முடிவுக்குப் புரட்டினாள்.

"நான் வேலைய விடல. யாரோ எழுதற கதைக்காக விடவும் மாட்டேன். தொட்டியப் பார்த்துக்க வெளி ஆளைப் போட்டுட்டாரு. வெறும் தொட்டியக் கழுவி அவங்க கையில குடுத்துட்டேன். நடந்தது இவ்வளவுதான்."

காகிதங்களை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். மூன்று வாரமாக என்னோடு பேச்சு இல்லை.

7

நான் எழுதும் பத்திரிகையை அந்த மருத்துவமனை சந்தா கட்டி வாங்குகிறது. இது வெளிவந்தால் டாக்டர் படிப்பார். காத்திருக்கிறவர்களும் படிப்பார்கள். உண்மை வெளியே வரும், அவள் வேலை போகும். வெளிவராவிட்டால் பதினொரு மீன்களையும் கொன்றவள் அவளாகவே இருப்பாள். போடட்டுமா என்று அவளைத்தான் கேட்க வேண்டும்.

இது அச்சாகி உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்றால், அவள் சரி என்றிருக்கிறாள். அல்லது நான் கேட்கவே இல்லை. எது என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினாலும் நீங்கள் ஏன் என்னை நம்ப வேண்டும்?

அவள் இப்போதும் காலை ஒன்பது மணிக்கு அந்த மேசையில்தான் இருப்பாள். போய்க் கேளுங்கள்.